ராஜா பிளஸ்ஸை யார் விசாரித்தது?

போன வாரக் கதையில் என் தம்பி தம்பிதுரையைத் துடியலூர் வீட்டுப் போர்ட்டிகோவில், கையில் போனோடு பேயறைந்த மாதிரி நிறுத்திவிட்டு வந்தோம். ஒரு வாரம் அசையாமல் நின்றதில் அவன் தலையில் குருவி கூடு கட்டிவிட்டது. இன்று காலை குஞ்சு பொரித்துப் பறந்த பிறகுதான் இட்லி சாப்பிட உள்ளே வந்தான்.

அவன் பார்த்தது என்ன என்பதை மறந்திருந்தால் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு மருமகள் நந்திதா, தன் சிநேகிதி ஹாரிகாவுக்கு அனுப்ப நினைத்ததைக் கை தவறிக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள். போட்ட சூட்டோடு அழித்தும் விட்டாள். எங்கள் எல்லோர் போனிலும் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் மிச்சம். தம்பி போனில் மட்டும் அது முழுசாக நின்றது.

“இந்தத் தடவையும் கரு நிக்கல ஹாரிகா. சுரேந்தருக்கு மட்டுந்தான் தெரியும். இன்னொரு தடவை ஊசி போட்டுக்க எனக்குத் தெம்பில்ல. அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

தம்பி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். காட்டாமல் இருந்திருக்கலாம். நானும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

சுரேந்தர் தம்பியின் மகன். வால்பாறையில் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு மிஷின் பொருத்தப் போயிருக்கிறான். அந்த மலைப்பாதை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒருமுறை பஸ்ஸில் போகும்போது ஒரு வளைவில் தும்ம ஆரம்பித்தேன், மூன்று வளைவு தாண்டித்தான் முடிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ‘நூறாயுசு’ என்றார். அங்கே போனில் டவர் கிடைப்பது அதைவிட அதிசயம். ஆகவே நந்திதாவுக்குப் பேச ஆள் இல்லை.

அவள் மாமியார், அதாவது தம்பி சம்சாரம் நாச்சியம்மாள், ரிசல்ட் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையில் இன்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரையும் வேன் வைத்துச் சென்னிமலைக்குக் கூட்டிப்போய், முருகனிடம் நேரிலேயே பேசிவிடுவதாக ஏற்பாடு. நாச்சியம்மாள் ரகசியம் பேசினால் குன்னூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிவிடும். முருகனுக்குக் காது கேட்காமல் போக வழியில்லை.

இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்த தம்பி ஆரம்பித்தான்.

“நாச்சி, இன்னிக்குச் சென்னிமலை வேண்டாம். வெயிலு.”

“முருகன் வெயில்லதானுங்க ஒக்காந்திருக்காரு. ஒரு நா நம்ம போனா என்ன?”

“வேன்காரன் சரியில்லியாமா. குடிப்பானாட்டிருக்குது.”

“ஏனுங்க, வேன் ஓட்டறது உங்க சித்தப்பா பேரன் தீபக்குங்க.”

“அதான் சொல்றேன்.”

நாச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சட்னியைப் பார்த்தேன்.

“மாமா, உங்க தம்பிக்கு என்னமோ ஆகிப்போச்சு. ஒரு வாரமா இப்படித்தான் இருக்காரு. ஒரு வார்த்தை கேளுங்க” என்று சொல்லிவிட்டு, தெருமுனைக்குப் பூ வாங்கப் போனாள்.

நந்திதா தட்டுகளை எடுக்க வந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். கண் மட்டும் தூங்காத கண். அதைப் பார்த்ததும் தம்பிக்குத் தாங்கவில்லை.

“கண்ணு, உனக்கு முடியலைன்னா வர வேண்டாம் சாமி. படியேறி நீ ஒண்ணும் நிரூபிக்க வேண்டியதில்ல. ஊசி கீசி எல்லாம் போதும். தெம்பில்லாத ஒடம்ப வெச்சுட்டு இன்னொரு தடவை எதுக்கு? நான் நாச்சிகிட்ட சொல்லிக்கறேன்.”

இவ்வளவு அன்பாக அவன் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் அப்பன் செத்தபோதுகூட ‘சரி’ என்று ஒரு வார்த்தைதான் சொன்னான்.

நந்திதா தட்டைக் கீழே வைத்தாள்.

“மாமா, எனக்குத் தெம்பில்லைன்னு ஆரு சொன்னாங்க?”

“பார்த்தாலே தெரியுதல்ல கண்ணு.”

“இன்னொரு தடவைன்னீங்களே. இந்தத் தடவையே இன்னும் முடியலீங்களே. அத்தை இப்பத்தான ரிசல்ட்டுக்கு வேண்டிக்கப் போறாங்க?”

தம்பி தண்ணீர் டம்ளரை எடுத்தான். டம்ளர் காலி. காலி டம்ளரையே குடித்தான்.

அவள் குரல் உயரவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டிவிடுவார்கள். “உங்க போனைக் கொஞ்சம் குடுங்க மாமா. கோபிச்சுக்காதீங்க. கொஞ்சம் குடுங்க.”

கொடுத்தான்.

அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுமுகையில் எங்கள் பாக்குத் தோப்பில் அது கீழே விழுந்து, அதன்மேல் யானை காலை வைத்தது. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. யானைக்குத்தான் வனத்துறையிலிருந்து வந்து மருந்து போட்டார்கள். அந்த அளவுக்கு உறுதியான போன். உள்ளே இருந்த சமாச்சாரம்தான் உறுதியில்லை.

உள்ளே இருந்தது ராஜா பிளஸ். பார்க்க வாட்ஸ்அப் மாதிரியே இருக்கும், அதே நம்பர், அதே குரூப்புகள். ஆனால் வாட்ஸ்அப் அல்ல. யாரோ, எங்கேயோ, அதைப் பிரித்து மேய்ந்து, இல்லாத வசதியெல்லாம் ஒட்டித் திரும்ப மூடிய சரக்கு. நாம் படித்தது அடுத்தவனுக்குத் தெரியாது. அடுத்தவன் அழித்தது நமக்குத் தெரியும். அந்த இரண்டாவது வசதிக்காகத்தான் தம்பி அதைப் போட்டான்.

காரணம் இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரிகள் குரூப் ஒன்று உண்டு. காலையில் ஒரு வியாபாரி விலை போடுவார். விவசாயி அதை நம்பி லோடு ஏற்றுவான். லோடு காரமடை தாண்டுவதற்குள் விலை அழிந்துவிடும். நேரில் போய்க் கேட்டால் “நான் எங்கீங்க போட்டேன்? கனவு கண்டீங்களா?” என்பார். அப்படி இரண்டு மூன்று கனவு கண்ட பிறகு, நாங்கள் சரக்கு போடுகிற கமிஷன் மண்டியில் கணக்குப் பார்க்கிற சீனிவாசலுதான் தம்பி போனில் ராஜா பிளஸ்ஸை ஏற்றிக்கொடுத்தார். அதிலிருந்து தம்பியிடம் ஒரு வியாபாரியும் வாலாட்டவில்லை.

நந்திதா போனைத் தடவினாள். ‘அழித்தவை’ என்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. பாக்கு விலைகளுக்கு நடுவில், யாரோ அனுப்பி அழித்த காலை வணக்கப் பூக்களுக்குக் கீழே, அவள் எழுதிய நாலு வரியும் கிடந்தது.

படித்தாள். தான் எழுதியதையே புதிதாகப் படிப்பது போல மெதுவாகப் படித்தாள்.

“பெரிய மாமாவுக்கும் தெரியுங்களா?”

நான் பொய் சொல்வதில் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று ஊரில் பேச்சு. இன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

“அதை நான் நல்லதுக்குத்தான் கண்ணு…” என்றான் தம்பி. “உனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னுதான் சென்னிமலையே வேண்டாங்கறேன்.”

“எனக்குத் தெரியுதுங்க மாமா. நீங்க நல்லவரு. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்குது. கெட்டவரா இருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருவேன்.” போனை மேஜைமேல் வைத்தாள். “நான் அழிச்சேனுங்க. வேண்டாம்னுதான அழிச்சேன்?”

தம்பிக்கும் ரோஷம் வந்தது.

“அப்ப என்னைய ஏமாத்தறவன் விலையப் போட்டு அழிக்கலாம், நான் பாக்கக் கூடாது. அது மட்டும் ஞாயமா அம்மணி?”

“ஞாயமில்லீங்க. அவன் போட்ட ஒடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. இல்லாட்டி லோடு ஏத்தறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க. அவன் அழிச்சது உங்களை ஏமாத்தறதுக்கு. நான் அழிச்சது எனக்கு அழுகை நிக்கறதுக்கு. இந்த ஆப்புக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

அப்புறம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். இன்று முழுக்க எனக்கு மண்டையில் குடைந்துகொண்டே இருக்கிற கேள்வி.

“இந்த ராஜா பிளஸ் ஆரு செஞ்சதுங்க?”

“சீனிவாசலு ஏத்திக்குடுத்தாரு.”

“ஏத்துனது அவரு. செஞ்சது ஆருங்க?”

“அது… பெங்களூர்ப் பக்கம் எவனோ.”

“பேரு?”

“தெரியாது.”

“காசு வாங்கறானுங்களா?”

“இல்ல கண்ணு, சும்மாதான் குடுக்கறான்.”

“அப்ப அவன் எதுல சாப்பிடறான்?”

தம்பி என்னைப் பார்த்தான்.

“என்னைய இந்த ஊட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி எங்க ஊர் பால் சொசைட்டில போய் ஒக்காந்து விசாரிச்சீங்க. எங்கப்பா பால்ல தண்ணி கலக்கறாரான்னு கேட்டீங்களாமா. எங்க பாட்டன் எந்தக் கூட்டம், எந்தக் குலசாமி கோயலு, கெணத்துல தண்ணி எத்தனை அடின்னு அஞ்சாறு மாசம் விசாரிச்சீங்க. பெரிய மாமா எங்க எருமையக்கூடப் பார்த்துட்டுப் போனாரு.”

அது நிஜம். நல்ல எருமை.

“இவனுக்கு நம்ம எல்லாரோட பேச்சையும் குடுத்திருக்கறீங்க. போன்ல இருக்கற அத்தனை நம்பர், அத்தனை போட்டோ. பேரு தெரியல, ஊரு தெரியல. ஒரு டீ குடிக்கற நேரத்துல சம்பந்தம் முடிச்சுபோட்டீங்க.”

எங்கள் ஜனம் மாப்பிள்ளை விசாரிப்பது ஒரு பெரிய கலை. எங்கள் சித்தப்பா ஒருவர் சம்பந்தம் விசாரிக்கக் காங்கேயம் பக்கம் போய், அந்த ஊர் டீக்கடையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருந்து, கேட்டு முடிப்பதற்குள் அந்தக் கடைக்கே முதலாளி ஆகிவிட்டார். மாப்பிள்ளைக்குப் பேரன் பிறந்த பிறகுதான் ‘பையன் பரவாயில்லை’ என்று தகவல் அனுப்பினார். அப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்தவன், ராஜா பிளஸ்ஸை எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

தம்பி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். “அப்ப எதைத்தான் வெச்சுக்கறது, சொல்லு. எல்லாத்தையும் விசாரிச்சே போடுவோம்” என்றான்.

நந்திதாவுக்கு அந்த நிலைமையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது.

“ஒண்ணும் சுத்தத் தங்கம் இல்லீங்க மாமா. நெஜமான வாட்ஸ்அப்பு பெரிய கம்பெனியோடது. நம்ம பேசறதப் பூட்டித்தான் அனுப்பறாங்க. ஆனா ஆரு ஆரோட எப்பப் பேசறாங்கங்கறது அவங்களுக்குத் தெரியும். வேற ஒரு ஆப்பு இருக்குது. அதைச் செஞ்ச விதத்தை ஆரு வேண்ணாலும் எடுத்துப் படிச்சுப் பாக்கலாம், ஒளிவு மறைவு இல்ல. ஆனா அதுல நம்ம ஒறம்பரை ஒருத்தரும் இல்லீங்க.”

“ஒறம்பரை இல்லாததே பாதி நிம்மதி” என்றேன்.

“எனக்கும் அவருக்கும் ஹாரிகாவுக்கும் அது போதும். இன்னிக்கே மாத்திக்கறோம். ஆனா ஒண்ணு பாருங்க. நான் எத்தனைதான் விசாரிச்சு நல்லதாப் போட்டுக்கிட்டாலும், எதிர்ல இருக்கறவங்க கையில எது இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களே. என் போன்ல ஒண்ணும் தப்பில்ல மாமா. உங்க போன்லதான் நான் அகப்பட்டுக்கிட்டேன்.”

போனை அவள் பக்கம் தள்ளினான். “எடுத்துப்போடு.”

“பழசு எதுவும் புதுசுல வராதுங்க. வியாபாரிங்க அழிச்ச விலையெல்லாம் போயிரும்.”

எனக்குத் தெரியும், அதில் ஒரு வியாபாரியின் விலை இருக்கிறது. அதைக் காட்டித்தான் வருகிற வாரம் விவசாயிகள் சங்கத்தில் பேசுவதாக இருந்தான். தம்பி மீசையைத் தடவினான். வாசலைப் பார்த்தான்.

“போவட்டும்.”

நந்திதா செட்டிங்ஸ் என்று உள்ளே போனாள். விரல் நின்றது.

“மாமா, இது என்னங்க? ‘இணைந்த கணினி: மண்டி ஆபீஸ்’னு இருக்குது.”

“அதுவா? அழிச்ச விலையெல்லாம் அங்கயும் போகோணும்னு சீனிவாசலு சேர்த்துவெச்சாரு. பிரிண்ட் எடுக்கறதுக்கு.”

“விலை மட்டுந்தான் போகுதுங்களா?”

தம்பிக்கு இப்போதுதான் உறைத்தது. அவன் முகத்தில் நான் அதைப் பார்த்தேன். பக்கம் ஒன்றுதான். விலை விழுகிற பக்கத்தில்தான் நாலு வரியும் விழுந்திருக்கிறது. ஒரு வாரமாக மேட்டுப்பாளையம் மண்டியில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே இருக்கிற கம்ப்யூட்டரில் அது திறந்து கிடக்கிறது. மண்டிக்காரர் சம்சாரம் ரம்யா வேறு யாரும் இல்லை, நாச்சியம்மாளின் சித்தி மகள். காலையில் விலை பார்க்க அந்த நாற்காலியில் உட்காருவது அவள்தான்.

“போன்ல எடுத்துட்டா அங்க இருக்கறதும் போயிருமா?” என்றான் தம்பி.

“போகாதுங்க மாமா.”

“நான் இப்பவே போய் அழிச்சுபோட்டு வாரேன். நாச்சி காதுக்குப் போறதுக்குள்ள…”

“போயிருந்துதுன்னா?”

தம்பி ஆணியில் தொங்கிய கார் சாவியைப் பார்த்தான்.

நந்திதா ராஜா பிளஸ்ஸை எடுத்துவிட்டு, நிஜமானதை ஏற்றி, மெசேஜில் வந்த ஓடிபியைப் போட்டு, போனைத் தம்பி கையில் கொடுத்தாள். திரை துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. அதற்குள் கேட் சத்தம். பூக்கூடையோடு நாச்சியம்மாள்.

“என்ன இன்னும் கெளம்பாம மூணு பேரும் பஞ்சாயத்து? அம்மணி, போய்ச் சேலையை மாத்து. தீபக்கு வந்துருவான்.”

நந்திதா நகரவில்லை. ஓடைக்கரையில் நின்று தண்ணீர் ஆழம் பார்க்கிற மாதிரி நின்றாள்.

“அத்தை, ஒரு விஷயம் சொல்லோணும். உள்ள வாங்க.”

“இங்கயே சொல்லு கண்ணு.”

“இல்லீங்கத்தை. உங்ககிட்ட மட்டும்.”

தம்பி எழுந்தான். “நானும் வாரேன். நான் பக்குவமா…”

“வேண்டாமுங்க மாமா. இது என்னுது. நானே சொல்லிக்கறேன்.”

நாச்சியம்மாள் பூக்கூடையை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் தன் போனை வைத்தாள். இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. நாச்சியம்மாள் வீட்டுக்குள் இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்றால், அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

அப்போது மேஜைமேல் இருந்த நாச்சியம்மாள் போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. ஏதோ எழுத்து தெரிந்தது. தம்பிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையை நீட்டினான்.

நீட்டியவன், போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

“ஆரு?” என்றேன்.

“தெரியல.”

“பாக்கலியா?”

“எனக்கு வந்ததில்லீங்கண்ணா.”

கதவு திறந்தது. நாச்சியம்மாள் முன்னால் வந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை, அவர்கள் கணக்கு. நந்திதா அவள் பின்னால், கையைப் பிடித்தபடி. யார் யார் கையைப் பிடித்திருந்தார்கள் என்று சரியாகத் தெரியவில்லை.

நாச்சியம்மாள் போனைத் திருப்பிப் படித்தாள். முகம் இறுகியது.

“ரம்யா. ‘அக்கா, விஷயம் கேள்விப்பட்டோம். மனசத் தேத்திக்கங்க’ன்னு போட்டிருக்கறா.” திரையைப் பார்த்தே சொன்னாள். “என்ற மருமகளுக்கு என்னாச்சுன்னு எனக்கு முன்னாடி இவளுக்குத் தெரிஞ்சிருக்குது.”

நாச்சியம்மாள் போனை நந்திதாவிடம் நீட்டினாள். “இந்தா கண்ணு. பதில நீயே சொல்லு. சொல்லோணும்னா சொல்லு, வேண்டாம்னா விடு. ஒறம்பரைக்கும் நீ என்ன சொல்றயோ அதேதான். நான் ஒரு எழுத்து கூட்டமாட்டேன்.”

நந்திதா வாங்கினாள். எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நாச்சியம்மாள் திரையைப் பார்க்காமலே போனைப் பையில் போட்டாள். மூன்று ஜில்லாவின் கல்யாணச் சமாச்சாரத்தையும் விரல்நுனியில் வைத்திருக்கிறவள் அவள்.

“ஏனுங்க, தீபக்குக்கு போன் பண்ணி வேன் வேண்டாம்னு சொல்லுங்க.”

“நான் மண்டிக்குப் போயிட்டு வந்துர்றேன் நாச்சி. அந்தக் கம்ப்யூட்டர…”

“நீங்க போக வேண்டாமுங்க.” கார் சாவியை ஆணியிலிருந்து எடுத்து நந்திதாவிடம் கொடுத்தாள். “நாங்க போறோம்.”

“சுரேந்தருக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு…” என்று இழுத்தேன் நான்.

“டவர் கெடைச்சா அவரே கூப்பிடுவாருங்க பெரிய மாமா” என்றாள் நந்திதா. “அவருக்கும் இன்னிக்கு நானே சொல்றதுக்கு ஒண்ணு இருக்குதுங்க.”

என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது. ஆனால் கேட்கவில்லை.

கார் கேட்டைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டில் வடக்கே திரும்பியது.